எந்த மாதம் வரச் சொல்வது?

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'லண்டன் போவதற்கு எது நல்ல சீசன் என்று பேசுங்கள், நீங்கள்தான் இரண்டு தடவை போய்வந்தவர்' என்று செயலாளர் சொன்னார். முப்பத்து நாலு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிட்டவன் நான். மைக்கில் அதற்குமேல் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேச நினைத்து வந்தது இன்னொன்று. நாம் அங்கே எப்போது போவது என்று கேட்கிறோம். பிள்ளைகளை இங்கே எப்போது வரச் சொல்வது என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்காமல் இருந்து ஒரு பாடம் படித்தேன்.

முதல் தடவை நாங்கள் போனது 2018 நவம்பரில், மகளின் பேறுகாலத்துக்கு. பேறுகாலத்துக்குப் போகிறவர்களுக்குச் சீசன் கிடையாது, கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். டிக்கெட் விலை குறைவாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம். போய் இறங்கிய பிறகுதான் ஏன் குறைவு என்று தெரிந்தது. டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடுகிறது. மூன்று மணி டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் ராத்திரி. என் மனைவி, 'ஏங்க, விளக்கு ஏத்துற நேரமா, தூங்குற நேரமா?' என்று தினமும் கேட்பாள். மூன்று மாதத்தில் நாங்கள் பார்த்த லண்டன், வீட்டு ஹீட்டரும் பக்கத்துத் தெரு சூப்பர் மார்க்கெட்டும்தான்.

இரண்டாவது தடவை மே மாதம் போய் ஜூன் கடைசியில் திரும்பினோம். அது வேறு ஊர். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் சூரியன் மறைகிறது. சாப்பிட்டுவிட்டுத் தேம்ஸ் ஆற்றங்கரையில் நடக்கலாம். ஒரு ஸ்வெட்டரும் ஒரு குடையும் போதும். இங்கே அக்னி நட்சத்திரத்துக்கும் தப்பித்தாயிற்று, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற வேலையிலிருந்தும் தப்பித்தாயிற்று. ஒரே குறை, ஜன்னலில் தடித்த திரை இல்லையென்றால் தூக்கம் வராது. ஜூலை கடைசியில் அங்கே பள்ளிகளுக்கு ஆறு வாரம் கோடை விடுமுறை தொடங்கும், அப்போது டிக்கெட் ஏறிவிடும். அதற்குமுன் போய்வந்துவிடுங்கள். லண்டன் விஷயம் அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு எப்போது வருகிறார்கள்? பெரும்பாலும் டிசம்பரில். அங்கே குளிர், அலுவலகத்தில் விடுமுறை, இங்கே கிறிஸ்துமஸ், கொஞ்சம் இழுத்தால் பொங்கல். சுற்றுலாப் புத்தகங்களும் தமிழ்நாட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம் என்றே போடுகின்றன. மொத்தமாகச் சேர்த்து எழுதும் கணக்கு அது. நம் மாவட்டத்துக்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அதன் கையில்தான். உப்பளத்துக்காரர்களைக் கேளுங்கள். அக்டோபர் வந்தால் பாத்தியை மூடிவிடுவார்கள், திரும்ப வேலை தொடங்குவது மழை ஓய்ந்த பிறகுதான். இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் மகள் 'டிசம்பரில் வர்றோம்ப்பா' என்றதும் காலண்டரில் வட்டம் போட்டு உட்கார்ந்தேன்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. பேத்திக்கு அப்போது ஐந்து வயது. பள்ளியில் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். மகள் முக்கியமாக வந்தது ஏரலில் இருந்த என் அக்காவைப் பார்க்க. என் மனைவியும் வேலைக்குப் போனவள் என்பதால், மகள் பத்து வயதுவரை வளர்ந்தது அந்த அத்தையிடம்தான். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தாள். பேத்தியைக் கையில் வாங்க வேண்டும் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொரோனா வேறு நடுவில் வந்துவிட்டது. 'பயண அலுப்புத் தீரட்டும், திங்கள்கிழமை காலை போகலாம்' என்று நான்தான் சொன்னேன். ஏரல் இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் இருபத்து நாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு முழு வருஷம் பெய்யும் சராசரி மழையே அதைவிடக் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. நம் பார்க்கிங்கில் கார்கள் மூழ்கியதும், மேல்மாடி வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் இங்கே இருப்பவர்களுக்கு மறக்காது. கரண்ட் இல்லை, போன் இல்லை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நாலாவது நாள் அக்கா யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பக்கத்து வீட்டு மாடியில் இருந்தாளாம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'ஏல தம்பி, பிள்ளைக எங்க நிக்காவ? நனையாம இருக்காவளா?' என்று கேட்டாள்.

சாலை ஒருவாறு திறப்பதற்குள் பேத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மருமகனுக்கு விடுப்பு முடிந்தது. பார்க்காமலேயே கிளம்பிப் போனார்கள். 2024 மார்ச்சில் அக்கா போய்விட்டாள்.

யாரையும் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லா டிசம்பரும் அப்படி இருக்காது. ஆனால் 2021 நவம்பர் கடைசியிலும் நம் தெருக்களில் தண்ணீர் நின்றதே? பத்து நாள், பன்னிரண்டு நாள் விடுப்பில் வருகிறவர்களுக்கு நாலு நாள் மழை என்பது சின்னச் செலவு இல்லை. எடுத்த பணத்தைப் பிறகு கட்டிவிடலாம், போன விடுப்பைக் கட்ட முடியாது.

இதில் நம் முன்னோர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இந்த ஊருக்கு 'முத்து நகர்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த முத்துக்குளிப்பு எந்த மாதத்தில் நடந்தது தெரியுமா? பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். வாடைக்காற்று அடங்கியிருக்கும், கச்சான் காற்று இன்னும் பிடித்திருக்காது. அந்த இடைவெளியில்தான் மன்னார் வளைகுடா கலங்காமல் கிடக்கும், மூழ்குகிறவனுக்கு அடித்தரை தெரியும். மார்க்கோ போலோவும் ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுவரை என்றே எழுதியிருக்கிறார். கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவதைப் பார்க்கப் போன கதையை என் அப்பா சொல்லியிருக்கிறார். எந்த ராஜா ஆண்டாலும், எந்தக் கம்பெனி ஏலம் போட்டாலும், தேதியைக் காற்றுதான் முடிவு செய்தது.

ஆகவே கடலுக்காக, முயல் தீவுக்காக, மணப்பாட்டுக்காக ஒருவர் வருவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது நடக்காது. அவர்களுக்கு நான் சொல்வது ஜூலை கடைசி.

சிரிக்காதீர்கள். வெயில் உண்டு, வியர்வை உண்டு, மேல்காற்றில் பால்கனி முழுக்க மண் சேரும். கடலில் இறங்க முடியாது. நுங்கு சீசன் முடிந்திருக்கும். ஆனால் மழைக்குப் பயந்து பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து மீன் வரத்து திரும்பியிருக்கும். குற்றாலத்தில் சாரல் காலம், காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஜூலை 26-ல் பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-ல் திருவிழா. நாம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்தப் பதினோரு நாளும் ஊரே கோயில் தெருவில்தான். லண்டன் பள்ளிகளின் கோடை விடுமுறையும் இந்தத் திருவிழாவும் யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டது மாதிரிப் பொருந்துகின்றன. வளைகுடா நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்த நேரத்தில் லீவுதான்.

2024-ல் அப்படித்தான் மகளை வரச் சொன்னேன். பேத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: 'தாத்தா, இங்க ஸ்நோவே இல்லையே, ஏன் ஸ்நோ மாதா?' எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் மானம் தப்பியது. ரோம் நகரத்தில் ஒரு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கடும் கோடையில், ஒரு குன்றின்மேல் பனி பெய்து கோயில் கட்டும் இடத்தைக் காட்டியது என்பது பழைய ஐதீகம். அந்தப் பெயர்தான் நம்ம ஊருக்கு வந்தது. பனி வேண்டுமென்று யாரும் டிசம்பர் பார்த்துப் போக வேண்டியதில்லை போலிருக்கிறது. சப்பரம் திரும்பும்வரை தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்து என் தோளிலேயே தூங்கினாள். மறுநாள் ஏரலுக்குப் போனோம். அக்காவின் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கறை இன்னும் இருந்தது. மகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

ஒரு சந்தேகம் வரும், ஆடி மாதத்தில் கல்யாணம் காட்சி இல்லையே என்று. ஆகஸ்ட் மூன்றாவது வாரம்வரை இருக்கச் சொல்லுங்கள், ஆவணி பிறந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றாவது மாட்டாமல் போகாது.

கிறிஸ்துமஸுக்குத்தான் வருவோம் என்கிறவர்களை நான் மாற்றப் பார்க்கவில்லை, அது அவர்கள் திருநாள். அவர்களுக்கு இரண்டு விஷயம். வந்த மறுநாளே, அலுப்பைப் பார்க்காமல், வீட்டுப் பெரியவர்களைப் போய்ப் பார்த்துவிடச் சொல்லுங்கள். மணியாச்சி, வாகைக்குளம் என்று எதை நம்பிக் கிளம்பினாலும், சென்னையில் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேரச் சொல்லுங்கள்.

கடைசியாக நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். போன வருஷம் லிஃப்ட் சர்வீஸும் வெளிப்பூச்சும் சரியாக ஜூலை கடைசியில் வைத்தீர்கள். பெட்டிகளோடு நாலாவது மாடிக்கு ஏறியவர்கள் இங்கேயே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 31 வரை அந்த வேலைகள் வேண்டாம். மகள் வருகிற ஜூலைக்கு டிக்கெட் போட்டாயிற்று.