ட்ரிகரில் விரல் எங்கே?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிகல் படித்தவனைக் கூப்பிட்டுத் துப்பாக்கி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதீங்க, நான் பேசப்போவது ஒரே ஒரு விரலைப் பற்றித்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அவர் எடுத்தது 221.7. அந்தக் கட்டத்தில் 0.1 கூடுதலாக வைத்திருந்த கொரிய வீராங்கனை கிம் யே-ஜி மேலே போய்விட்டார். டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர். ஆக 0.1 என்பது 0.8 மி.மீ. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், முன் சைட் 0.03 மி.மீ. ஒதுங்கினாலே அந்த 0.8 போய்விடும். 1 மி.மீ. ஒதுங்கினால் டார்கெட்டில் 28 மி.மீ. தள்ளி விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. தாங்க!

"கையே ஆடுதே சார்" என்பார்கள். கை எல்லோருக்கும்தான் ஆடும். இரண்டு சைட்டும் நேராக இருக்க, பிஸ்டல் அப்படியே 2 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 2 மி.மீ. தான் நகரும். கெடுப்பது கோணம். அதைக் கடைசி நொடியில் உண்டாக்குகிறவர் நம்ம சுட்டுவிரல்.

ஏர் பிஸ்டலில் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. பிஸ்டலின் எடை ஒரு கிலோ சொச்சம். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்த ஒரு கிலோ பொருளின் மேல் அரை கிலோ விசை! அது குழலுக்கு இணையாக, நேர் பின்னால் வந்தால் வம்பில்லை. 10 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டில் சுமார் 87 கிராம் தள்ளும். முதலாண்டு ஸ்டாடிக்ஸ் பாடம்தானே இது.

அதனால்தான் விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பற்றின் நடுப்பகுதியை ட்ரிகரில் வைக்கச் சொல்கிறோம். வெறும் நுனி பட்டால், வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் போகப் பார்க்கும். கணு வரை உள்ளே விட்டால் வலப்பக்கம். ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விரலில் மையால் புள்ளி வைக்காதீர்கள். பிடியும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். விரலின் அடிப்பகுதி கைப்பிடி மரத்தில் உரசக் கூடாது, நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். விரல் மட்டும் அசைய, மற்ற மூன்று விரல்களும் இறுக்கம் மாறாமல் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. நம் கல்லூரி கிளப்பில் இருப்பது ஒரே பிஸ்டல், அதிலும் பெரிய கைப்பிடி. சின்னக் கை உள்ள தங்கைகள் எட்டிப் பிடித்தால் விரல் நுனிதான் ட்ரிகரில் படுகிறது. குண்டு வரிசையாக இடப்பக்கம் போகிறது. "உனக்குக் கவனமே இல்லை" என்று திட்டு வேறு! இதே காரணத்தால் இந்த வருஷம் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். கவனம் இல்லாதவர் குண்டு நாலா பக்கமும் சிதறுமே தவிர, ஒரே பக்கமாகப் போய்க் குவியாதுங்க.

போட்டி பிஸ்டல்களின் ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். அதற்கு ஒரு ஆலன் கீ போதும். கைப்பிடியும் சின்ன அளவில் தனியாகக் கிடைக்கிறது. நம் சங்கம் ஒன்று வாங்கித் தரட்டும் என்பது என் கோரிக்கை. தலைவர் சிரிக்கிறார், சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதுவரை தம்பி தங்கைகள் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுங்கள். டிக்கென்று விடுபடும் கணத்தில் முன் சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். துள்ளாத இடம் கிடைக்கும்வரை விரலை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். பெல்லட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிஸ்டல் டார்கெட்டை நோக்கி நிலைக்கும்வரை விரல் வெளியேதான் இருக்க வேண்டும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ரேஞ்சில் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம்.