‘துவ்வார்’ என்றொரு சொல்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கணம் கதைக்க நான் பண்டிதர் அல்ல. ஏ.எல். வரை படித்து, இப்ப தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். லண்டனுக்கு வர முன்னம் மூன்று வருடம் பாரிசில் கோப்பை கழுவினேன். அங்கே பிடிபட்ட ஒரு சொல்லைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளையளும் கவனியுங்கோ.

அந்தச் சொல் ‘துவ்வார்’. ‘இல் துவா த்ரவாயே’ என்றால் அவர் வேலை செய்யவேணும். ‘இல் துவா எத்ர் மலாத்’ என்றால் அவருக்குச் சுகமில்லைப் போல. கட்டாயத்துக்கும் ஊகத்துக்கும் ஒரே சொல். ஒருவருக்குக் காசு கொடுக்க இருந்தாலும் இதே சொல்தான். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குக் கடன்படுதல் என்றே பொருள். எங்களுக்கு இது புதினமில்லை. எங்கட ‘கடன்’ காசையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். காலைக்கடன், நேர்த்திக்கடன் என்கிறோமே. ‘வேணும்’ என்பதும் அப்படித்தான். ‘நீ வரவேணும்’ கட்டளை. ‘அவர் இப்ப வீட்டிலதான் இருக்கவேணும்’ ஊகம்.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். ‘இல் ஆ த்யூ பார்த்தீர்’ என்பதை, அவர் போகவேண்டி வந்தது என்றும் எடுக்கலாம், அவர் போயிருப்பார் என்றும் எடுக்கலாம். ஆங்கிலம் இந்த இடத்தில் ‘ஹாட் டு’, ‘மஸ்ட் ஹாவ்’ என்று பிரித்துவிடும். பிரெஞ்சுக்காரர் முன்பின் கதையை வைத்து விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் அகதிக் கேஸ் எழுதும்போது? பிரான்சில் 1952 முதல் இயங்கும் ‘ஒஃப்ப்ரா’ என்ற அலுவலகத்துக்கு எங்கட கதையைப் பிரெஞ்சில்தான் எழுதிக் கொடுக்கவேணும். நாங்கள் தமிழில் சொல்ல, தெரிந்த ஒருவர் எழுதுவார். ‘அண்ணா வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது’ என்பவர் நடந்ததைச் சொல்கிறார். ‘அண்ணா போயிருக்கவேணும்’ என்பவர் காணவில்லை, நினைக்கிறார். இரண்டும் பிரெஞ்சில் ஒரே வசனமாய்ப் போனால், பிறகு நேர்முகத்தில் ‘நீங்கள் கண்டதா, நினைத்ததா?’ என்று கேட்கும்போது, எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று ஆகிவிடும். ஒரு உயிர் தப்பி வந்த கதை அந்த ஒரு வசனத்தில் பொய்யாய்ப் போகலாம்.

ஆகவே சொந்தக்காரருக்கு எழுதி உதவுகிறவர்கள், அந்த இடத்தில் ‘துவ்வாரை’ விட்டுவிடுங்கோ. கட்டாயம் என்றால் ‘ஒப்லிஜே’ இருக்கிறது, ஊகம் என்றால் ‘ப்ரோபாப்லமான்’ இருக்கிறது. ‘சான் தூத்’ என்று போட்டிடாதேங்கோ. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சந்தேகமில்லாமல்’. பிரெஞ்சுக்காரருக்கோ அது வெறும் ‘அநேகமாக’!

ஆங்கிலத்து ‘மஸ்ட்’டிலும் கட்டாயம், ஊகம் இரண்டும் உண்டு. அதனால் இங்கே நேர்முகத்துக்குப் போகிறவர்களும் தமிழில் சொல்லும்போதே ‘கண்டனான்’, ‘கேள்விப்பட்டனான்’, ‘நினைக்கிறன்’ என்று பிரித்துச் சொல்லுங்கோ. எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டும்போது, ‘வேணும்’ வருகிற இடமெல்லாம் நிறுத்தி, எந்த ‘வேணும்’ என்று கேளுங்கோ.