தண்ணீர்ப் பந்தலும் சுங்கை பத்துவும்

(நமது அறநிதியத்தின் ஆண்டு விழாவில் அறங்காவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் சிறு செப்புச் சொம்பில் அடைத்த கங்கைத் தீர்த்தம் கிடைக்கும். என் வீட்டுப் பூஜை அறையிலும் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் என் பேத்தி அதைக் கையில் எடுத்து, "தாத்தா, இது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டாள். இமயத்தில் கங்கோத்ரிப் பனியாறு, அதன் வாயாகிய கோமுகம் என்று பெருமையாக விளக்கினேன். "சரி, நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி?" என்றாள். எழுபது வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவளே சொல்லிக் கொடுத்தாள். கங்கோத்ரிப் பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். 1935-இல் அதன் முகப்பை அளந்து குறித்தார்கள். அதன்பின் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக உருகிப் பின்வாங்கிவிட்டது. 2025-ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்ததும் இதனால்தான். நம் தீபகற்பத்தில் பனிமலை இல்லை. தித்திவங்சா மலைக்காடுதான் நமக்குப் பனிமலை. கொட்டுகிற மழையை வேரிலும் மண்ணிலும் வாங்கி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளிலும் ஓடையாகக் கசிய விடுகிறது. அதைத்தான் 1958-இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணையும், பத்து அணையும், சிலாங்கூர் ஆற்று அணையும் தேக்கித் தருகின்றன.

1998-இல் அணைகள் வற்றி, வாளியோடு லோரிக்குக் காத்திருந்ததைத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது வானம் பொய்த்ததால் வந்தது. 2020 செப்டம்பரில் வானம் பொய்க்கவில்லை. ரவாங் பக்கம் சுங்கை கோங் என்கிற சிற்றாற்றில் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து சேர, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. அந்த வாரம் சுவாமி அபிஷேகத்துக்கு நான்கு குடம் தண்ணீர் தேடி நாங்கள் அலைந்தோம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. காவடியும் பால்குடமும் எடுப்போர் சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடித்தான் புறப்படுகிறார்கள். நமது அறநிதியத்தின் தண்ணீர்ப் பந்தலும் அந்த வழியில்தான் போடப்படுகிறது. பதினோரு வருடமாகப் பந்தலுக்கு நெகிழிக் கோப்பை வாங்கியவன் நான். மலிவு, கழுவும் வேலை இல்லை, உபயதாரர் பெயரும் அச்சாகும்.

நம் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ஓடைகளுக்குப் போகிறார்கள் என்று தெரியும். ஏதோ உல்லாசப் பயணம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கூடவே போனேன். மலையடிவார ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார்கள். அடியில் மூன்று வால் கொண்ட சிறு பூச்சிக் குஞ்சுகள். சுத்தமான நீரில்தான் அவை பிழைக்குமாம். ஊருக்குள் வந்து அதே போல ஒரு கல்லைப் புரட்டினால், சிவப்புப் புழுக்கள். காற்றுக் குறைந்த சாக்கடை நீரிலும் அவை வாழும். கருவி எதுவும் வேண்டாம், கல்லைப் புரட்டத் தெரிந்தால் போதும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள உலகச் சுற்றுச்சூழல் மையம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஆறு பார்க்கக் கற்றுக் கொடுத்து வருகிறது என்றும் அப்போதுதான் அறிந்தேன்.

சென்ற தைப்பூசம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் கரையில் இறங்கிக் குப்பை பொறுக்கினார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு இரண்டு மூட்டைகளைத் தூக்கி வந்து, எங்கள் மேசைக்கு முன்னால் கொட்டினார்கள். அத்தனையும் கோப்பை. அத்தனையிலும் நமது அறநிதியத்தின் பெயர்.

அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்று சண்டையே நடந்தது. "அந்த ஆற்றுத் தண்ணியையா குடிக்கிறோம்? அணைத் தண்ணியைத்தானே!" என்றார் ஒரு பெரியவர். "சுங்கை கோங் தண்ணியையும் யாரும் குடிக்கலையே, ஐயா" என்றாள் என் பேத்தி. சுங்கை பத்து கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. கோம்பாக், ஜாமெக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. அது பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக்கொண்டு கிள்ளான் பட்டணம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பத்துமலையில் நான் கொடுத்த கோப்பை என் வீட்டுப் பக்கமாகவே போயிருக்கிறது! அரசாங்கம் 110 கிலோமீட்டர் ஆற்றுப் பகுதியைச் சீராக்கத் திட்டம் போட்டது. கிள்ளானில் 2019 முதல் குப்பை அள்ள இயந்திரப் படகு நிற்கிறது. நாம் மேலே போடுவதைத்தான் அவர்கள் கீழே அள்ளுகிறார்கள்.

வரும் பூசத்துக்கு எவர்சில்வர் டம்ளர் என்று முடிவாயிற்று. காலமான தம் தகப்பனார் பெயர் கோப்பையில் வராதென்று ஓர் அன்பர் உபயத்தை நிறுத்திக்கொண்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. நேரில் போய்ப் பார்த்தேன், இன்னும் மனம் இறங்கவில்லை. பந்தல் முகப்பில் பெயர்ப் பலகை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டம்ளர் வந்துவிட்டது. கழுவுவதற்குப் பெரிய தொட்டி இரண்டு வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் கழுவ ஆள் வேண்டும். பிள்ளைகள் மட்டும் போதாது. பின் மேசையில் என் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அதில் முதல் பெயர் என்னுடையது.