மருத்துவருக்கும் ஒத்திகை உண்டு



ஆஸ்பத்திரியில் மருத்துவரும் தாதியரும் ஒரு பொம்மையைச் சுற்றி நின்று ஒத்திகை பார்ப்பார்கள். நின்றுபோன இதயத்தை மீட்கும் உயர்நிலைப் பயிற்சி அது. ஒருவர் நெஞ்சை அழுத்துவார். ஒருவர் மூச்சுக் கொடுப்பார். ஒருவர் மின் அதிர்ச்சிக் கருவியை இயக்குவார். ஒருவர் மருந்து செலுத்துவார். ஒருவர் நேரம் குறிப்பார். 2 நிமிடத்திற்கு ஒருமுறை அழுத்துபவர் மாறுவார். தேர்ச்சிச் சான்றிதழும் 2 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு மீண்டும் பயில வேண்டும்.

இவ்வளவு கற்றவர்களிடம் நோயாளி போய்ச் சேர நேரமாகும். இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும். ஆகவே முதல் உதவி நம் கையில்தான் இருக்கிறது.

பெரியவர் ஒருவர் சாய்ந்து, அழைத்தும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால், தைலம் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒருவர் உடனே 999 எண்ணை அழைக்கட்டும். மற்றவர் நடு நெஞ்சில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். களைத்தால் அடுத்தவர் தொடரட்டும்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு வலு உண்டு. பழக்கம்தான் வேண்டும். முதலுதவி வகுப்பு நடக்கும்போது பிள்ளைகளோடு நாமும் போவோம்.