படிக்க வரும் பிள்ளையும் நம் ஊரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பிறகு பேச அழைக்கப்படுகிறவன் சுருங்கப் பேசுவதே மரியாதை. எனினும், கல்லூரிகள் திறக்கவிருக்கும் இவ்வேளையில் ஒரு செய்தியை உங்கள் முன் வைக்காமல் அமர எனக்கு மனம் வரவில்லை. வெளியூர்களிலிருந்து நம் விருத்தாசலத்திற்குப் படிக்க வரும் பிள்ளைகளைப் பற்றியது அது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெளிப்பட்ட களிமண்தான் நம் ஊரில் பீங்கான் தொழில் வேரூன்றக் காரணம் என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். அந்த மண் நமக்குத் தொழிற்பேட்டையைத் தந்தது. அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பியூஸ் கட்டையும் வேகும் சூளைகளைத் தந்தது. செராமிக் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனம் இங்கே அமைந்ததும் அதனால்தான். கொளஞ்சியப்பர் பெயரில் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. ஆக, மண்ணை நம்பிப் பிழைக்கும் ஊர் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொண்டாலும், படிக்க வரும் பிள்ளைகளாலும் பிழைக்கும் ஊர்தான் இது. வாடகையும் மெஸ்ஸும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கும் நம்மவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

நானும் அவ்வாறு வந்தவன்தான். 1995ஆம் ஆண்டு, இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, பொழுது புலராத வேளையில் ஒரு தகரப் பெட்டியோடும் பாயோடும் விருத்தாசலம் சந்திப்பில் இறங்கினேன். என் அத்தா என்னோடு வரவில்லை. இருவருக்கு ரயில் கட்டணம் கொடுக்க வசதியில்லை. அன்று காலை நான் படியேறிய மூன்று வீடுகளிலும், படிக்கும் பையன்களுக்கு அறை விடுவதில்லை என்று கூறிவிட்டார்கள். நான்காவதாக ஒரு தேநீர்க் கடையில் பெட்டியை இறக்கி வைத்தேன். கடைக்காரப் பெரியவர் இந்த மஹல்லாவைச் சேர்ந்தவர். மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் எனக்குப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. தம் கிடங்கின் மேலிருந்த அறையைக் காட்டினார். எந்த மெஸ்ஸில் மாதக் கணக்கு வைப்பார்கள், எந்தப் பேருந்து கல்லூரி வாசலில் நிற்கும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னார். மாலையில் கடைப் பக்கம் என்னைக் காணவில்லையென்றால் மறுநாள் "தம்பி, நேற்று எங்கே போனாய்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காகவே நான் இந்த ஊரில் தங்கினேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை.

அதே அறையில் என்னோடு தருமபுரிப் பக்கத்து மாணவர் ஒருவரும் இருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரர். ஆனால் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். இங்கே அலுமினா, சிலிக்கா, பெல்ட்ஸ்பார் என்று பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் ஓடியபோது ஒன்றும் பேசாமல் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். இரவுச் சாப்பாடு பிடிக்கவில்லை என்பார். நானும் நம்பினேன். ஆறாவது வாரம் விடுமுறைக்கு ஊர் சென்றவர் திரும்பவில்லை. பின்னர் மெஸ்ஸில் கேட்டபோதுதான், முன்பணம் கட்ட முடியாமல் ஒரு வேளைக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தார் என்று தெரிந்தது. சில மாதங்கள் கழித்து, வேலையில் சேர்ந்துவிட்டதாக ஓர் அஞ்சலட்டை வந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த நான், "ஏன் சாப்பிடவில்லை?" என்று இரண்டாம் முறை கேட்டதில்லை.

பெரியோர்களே! நம் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். பச்சைப் பாண்டம் உடைவது பெரும்பாலும் சூளை ஆயிரத்திருநூறு பாகையை எட்டும்போது அன்று. அதற்கு வெகு முன்னர், ஈரம் வெளியேறும் நேரத்தில்தான். அவசரமாக உலர்த்தினால் விரிசல். ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் வெடிப்பு. படிக்க வரும் பிள்ளைக்கும் தேர்வுக் காலத்தைவிட முதல் ஆறு வாரங்களே கடினமானவை என்பது என் அனுபவம். அந்த ஆறு வாரங்களில் அவன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் சிக்கல். முன்பு எஸ்.டி.டி. பூத் வாசலிலாவது நிற்பான்; அழுது முகம் வீங்கியிருந்தால் பூத்காரருக்குத் தெரியும். இப்போது வீட்டையே கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் படுத்திருக்கிறான். அம்மாவிடம், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வதற்குச் சாப்பிட வேண்டிய அவசியமில்லை.

இதைவிடக் கொடியதும் உண்டு. சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய சிதம்பரத்தில், 1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அப்போது நான் இங்கே இரண்டாம் ஆண்டு. அவ்வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டு, 2011இல்தான் உச்ச நீதிமன்றத்தின் ஆயுள் தண்டனைத் தீர்ப்போடு முடிந்தது. அந்தக் கொலைக்குப் பின்னரே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் அதனால் கிடைத்ததே. சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல், ஊரில் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிற பிள்ளைக்கே வருகிறது.

இவ்வாறு புதியவனை ஏற்பது நமக்குப் புதிய வேலையும் அன்று. கெய்ரோவின் அல் அஸ்ஹரில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று "ரிவாக்" என்னும் பிரிவுகள் பல நூற்றாண்டுகள் இருந்தன: மக்ரிபியருக்கு ஒன்று, சிரியா நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று. தங்க இடமும் நாள்தோறும் ரொட்டியும் அங்கே கிடைத்தன. அவற்றுக்கு வக்ஃபுச் சொத்துகள் இருந்தன. தன் ஊர் மொழி பேசுகிறவர்களிடையே இறங்கி, பிறகு பெரிய சபையில் போய் அமர்ந்தான் மாணவன். நம்மிடம் அத்தனை சொத்து இல்லை. ரொட்டிக்குப் பஞ்சமும் இல்லை.

எனவே நிர்வாகக் குழுவிடம் நான் வைக்கும் கோரிக்கை சிறியது. பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு நோட்டு வேண்டும். வாடகைக்கு அறை தரச் சம்மதிக்கும் வீடுகள், முன்பணமின்றி முதல் மாதம் சாப்பாடு போட முன்வரும் மெஸ்கள், ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய நம் பட்டதாரிப் பிள்ளைகள், இம்மூன்றையும் அதில் எழுதி வைக்கலாம். பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒரு தொகையை மெஸ் முன்பணத்திற்கென ஒதுக்கலாம். அது திரும்பி வரும் பணம்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2022இல் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும், மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கப்பட்டன. நல்ல திட்டங்கள், ஆனால் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ஆதார் என்று சரியாவதற்குள் அந்த முதல் ஆறு வாரங்கள் கடந்துவிடும்.

நோன்பு மாதம் கல்வியாண்டுக்குள் வரும்போது, அறைகளில் இருக்கும் நம் பிள்ளைகள் பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டு சஹர் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். இஃப்தாருக்கு நாம் கஞ்சி காய்ச்சுகிறோம்; சஹருக்கு யாரும் அவர்களை நினைப்பதில்லை. தெருவுக்கு இரண்டு வீடு முன்வந்தால் தீரும்.

பெண் பிள்ளைகளின் தேவை வேறு. அதை என்னைப் போன்றவன் மேடையில் வகுத்துச் சொல்வதைவிட, நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுவதே முறை.

நேற்று இது பற்றிப் பேசியபோது ஒரு சகோதரர், "வருகிறவர்களில் நம்மவர் எத்தனை பேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஜமாஅத் பணம் ஜமாஅத்தாருடையது. எனக்கு அந்தத் தருமபுரி மாணவர் நினைவுக்கு வந்தார். அவர் நம்மவர் அல்லர். நோட்டில் மதத்திற்கென ஒரு கட்டம் போட வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இக்கூட்டத்திலேயே சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவ்வாண்டு என் மகள் திருச்சிக்குப் படிக்கச் செல்கிறாள். நம் மஹல்லாவிலிருந்து சிதம்பரத்திற்கும் சென்னைக்கும் பிள்ளைகள் செல்கிறார்கள். அங்கே எந்தத் தெருவில், எந்தக் கடைக்காரர், நம் பிள்ளையைப் பார்த்து, நேற்று எங்கே போனாய் என்று கேட்பார் என்று எனக்குத் தெரியாது.

நோட்டு வாங்கி மோதினார் அறையில் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் வீட்டு மாடி அறை எழுதப்பட்டுள்ளது. இஷாத் தொழுகைக்குப் பின் ஒன்பதரை மணி வரை அறை திறந்திருக்கும்; பேனாவும் அங்கேயே உள்ளது.