ஆமைக்கு வேண்டிய தரை



ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. அது மெய்யோ பொய்யோ, நான் ஆராயவில்லை. வீடு புகுந்த ஆமை என்ன ஆகிறது என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அதைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதன்று.

1989-ஆம் ஆண்டில், தென் மாவட்டமொன்றில் புதர்க்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் காலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் துணிப்பையில் ஒரு நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கருநிற ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள் விண்மீன்களைப் போல விரிந்திருந்தன. அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. உயிர்நூல் கற்பிப்பவன் அதை அறியாதிருந்தது வெட்கத்துக்குரியது. பாடத்துக்கு ஒரு நல்ல பொருள் கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

பள்ளியின் பின்புறத்தில் பயன்படாமற் கிடந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றைக் கழுவச் செய்து, அதில் ஆற்றுமணலை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். மணல் தூய்மையானது; நீர் தேங்காது; பார்வைக்கும் அழகாயிருக்கும். இவையே நான் கருதிய காரணங்கள். ஆமையின் பக்கத்திலிருந்து ஒரு காரணத்தையும் நான் எண்ணிப்பார்க்கவில்லை. நாள்தோறும் மாணவர்கள் கழுவிய கீரையை ஈரத்தோடு அந்த மணலின்மேல் போடுவார்கள். ஆமையும் உண்ணும். உண்டபின் தொட்டியின் ஒரு மூலைக்குச் சென்று, சுவரை முன்கால்களால் பிறாண்டிக்கொண்டே நிற்கும். அது தேகப்பயிற்சி செய்கிறது என்று நான் மாணவர்களுக்கு விளக்கம் கூறினேன்!

நான்காம் மாதத்தில் அது உண்பதை நிறுத்தியது. சில நாட்களில் இறந்தது. இறந்த பின்னராவது பாடமாகட்டும் என்று வகுப்பின் முன்னிலையில் அதனை அறுத்துப் பார்த்தேன். குடலின் பெரும்பகுதி மணலால் இறுகியிருந்தது. வயிற்றுப்புற ஓடு உராய்ந்து தேய்ந்திருந்தது. வகுப்பு முழுதும் மௌனமாயிருந்தது. அதனைக் கொண்டுவந்த சிறுவன் மட்டும், "சார், மணலைக் கொட்டுனது நாமதானே?" என்று கேட்டான். நான் விடை கூறவில்லை. மணி அடித்ததும் வெளியே சென்றுவிட்டேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்தது, பாடம் தொடங்குமுன் அறையைப் பார் என்பதாகும். வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது, காற்று உண்டா, பிள்ளைகளின் கால் தரையில் படுமாறு பலகை அமைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்காக அதை நாள்தோறும் செய்துவந்த நான், ஓர் ஆமைக்காக ஒருமுறையும் செய்யவில்லை. பிறகு பல ஆண்டுகள் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். அவற்றுள் என் கண்ணைத் திறந்தவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பாதிரியார்.

கில்பர்ட் வைட் என்பது அவர் பெயர். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். தம் ஊரின் பறவை, புழு, மழை, பனி ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி அவர் எழுதிய கடிதங்கள் 1789-இல் நூலாக வெளிவந்தன. சஸெக்ஸிலிருந்த அவருடைய அத்தை ஒருவர் பல்லாண்டுகளாகத் தம் தோட்டத்தில் ஓர் ஆமையை வளர்த்துவந்தார். 1780-இல் அந்த அம்மையார் காலமானபோது, மண்ணுக்குள் குளிர்காலத் துயிலில் இருந்த அவ்வாமையைத் தோண்டியெடுத்து, வைட் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். டிமொத்தி என்று ஆண்பெயர் இட்டிருந்தார்கள். அது பெண்ணாமை என்பது பின்னாளில் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. அவ்வோடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலங்களுக்குரிய இனம் அது. குளிரும் மழையும் மிகுந்த இங்கிலாந்தில் பல்லாண்டு வாழ்ந்தது. எப்படி? வைட்டின் குறிப்புகளை நுணுகிப் படித்தால் விடை கிடைக்கும். அந்த அம்மையாரும் வைட்டும் அதற்கென்று எந்தப் பெட்டியும் செய்யவில்லை. ஒரு தோட்டத்தை அதனிடம் விட்டார்கள். கோடையின் நண்பகலில் அது முட்டைக்கோசின் அகன்ற இலையடியில் ஒதுங்கும். இலையுதிர் காலத்தில் வெயில் குறைந்தபோது, சுவரின்மேல் ஓட்டைச் சாய்த்து நின்று கதிரவனை முழுதும் வாங்கிக்கொள்ளும். மழைத்தூறல் கண்டால் மறைவிடம் தேடும். நவம்பர் வந்ததும் மண்ணைத் தோண்டத் தொடங்கும். 1771-ஆம் ஆண்டில் நவம்பர் முதல் நாள் தொடங்கிய அந்த வேலை, 13-ஆம் நாள் வைட் ஊர் திரும்பும்போதும் முடிந்திருக்கவில்லை. முன்கால்களால் மண்ணைப் பறித்து, பின்கால்களால் முதுகின்மேல் தள்ளித் தள்ளி, அத்தனை பொறுமையோடு அது புதைந்துகொண்டிருந்தது. வெயில், நிழல், மறைவு, தோண்டுவதற்கு ஏற்ற மண் ஆகிய நான்கையும் அது தானே தேடி எடுத்துக்கொண்டது. என் தொட்டியில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததா?

ஆமையின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெப்பம் வேண்டுமானால் வெயிலுக்கும், குளிர்ச்சி வேண்டுமானால் நிழலுக்கும் மண்ணுக்கும் அது செல்ல வேண்டும். மேற்பரப்பு காய்ந்து கொதிக்கும்போதும் ஒரு சாண் ஆழத்து மண் குளிர்ந்து ஈரமாயிருப்பதை வயலில் வேலை செய்தவர் அறிவர். ஆதலால் தரை என்பது ஆமைக்கு வெறும் விரிப்பன்று. அதுவே போர்வையும் கூரையும் ஆகும். எல்லா இனமும் ஒரே வகையில் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆப்பிரிக்காவின் முள்தொடை ஆமை மீட்டர்க்கணக்கில் வளை தோண்டும். நம் நட்சத்திர ஆமை வளை தோண்டாது. புல்தூற்றிலும் புதரடிச் சருகிலும் பதுங்கும். எவ்வாமையாயினும், அது எந்நிலத்தது என்று கேட்டறிந்த பின்னரே அதற்குத் தரை அமைக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் மத்தியதரைக் கடல் ஆமைகளை, சட்டத்துக்கு உட்பட்டு, முறைப்படி ஈனச் செய்து வளர்க்கிறார்கள். உங்கள் உறவினர் அங்கு இருக்கலாம். நாளை நீங்களே படிக்கச் செல்லலாம். அவர்கள் நன்கு பயின்று கண்ட முறையைச் சொல்கிறேன். பூச்சிமருந்தும் உரமும் கலவாத தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, ஆமையின் உடலுயரத்துக்குக் குறையாத ஆழத்தில் நிரப்புவார்கள். மணலே நஞ்சு என்று எண்ணவேண்டா. மண்ணோடு கலந்த மணல் நீரை வடியவிட்டு நன்மை செய்யும். மணல் மட்டுமே இருந்து, அதன்மேல் ஈர உணவும் போடப்பட்டால், ஒவ்வொரு கவளத்தோடும் மணல் உட்செல்லும். என் ஆமைக்கு நேர்ந்தது அதுவே. உணவைத் தட்டையான கல்லின்மேல் வைத்தால் அத்தீங்கு பெரிதும் நீங்கும். கல்லில் உரசி அலகும் நகமும் அளவோடு தேயும்.

கலவை சரியா என்று அறியக் கருவி எதுவும் வேண்டா. ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். பிடித்த வடிவில் நின்று, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். நீர் சொட்டினால் ஈரம் மிகுதி. பிடியில் நில்லாமலே சிதறினால் வறட்சி மிகுதி.

கடைகளில் அழகிய பைகளில் விற்கும் பொருள்கள் பல. சீடார், பைன் முதலிய மரங்களின் சீவல் நல்ல மணம் வீசும். அம்மணமே தீங்கு. அதிலிருந்து எழும் எண்ணெய் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். நம்மைப்போல் உதரவிதானம் இல்லாத ஆமையால் சளியை இருமி வெளியேற்ற இயலாது. ஆகவே அதன் நுரையீரலில் புகுந்த நோய் எளிதில் அகலாது. வாதுமை ஓட்டுத் தூள் கூர்மையானது. விழுங்கினால் குடலைக் கிழிக்கும். செய்தித்தாள் தூய்மையானதுதான், நோயுற்ற ஆமைக்குச் சில நாள் விரிக்கலாம். ஆனால் வளரும் ஆமையின் கால் அதில் வழுக்கும்.

கண்ணாடித் தொட்டியையும் தவிர்க்க வேண்டும். தன் முன்னே வெளி தெரிகிறது, செல்லமுடியவில்லை என்பது ஆமைக்கு விளங்குவதில்லை. நாள் முழுதும் அது கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கும். நான் தேகப்பயிற்சி என்று பெயரிட்டது இதனையொத்ததே. சுவர் மரத்தாலானதாய், ஊடே பார்க்க முடியாததாய், மேற்புறம் திறந்ததாய் இருத்தல் வேண்டும். சிறு குஞ்சுக்கே நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் தேவை. ஒரு கோடியில் விளக்கு அமைத்து 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பமூட்டி, மறுகோடியை ஏறக்குறைய 22 பாகையில் விட்டுவைப்பார்கள். எங்கே இருப்பது என்பதை ஆமை முடிவு செய்யும். எலும்பும் ஓடும் உறுதிப்படப் புறஊதாக் கதிர் இன்றியமையாதது. சன்னற் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் ஆதலால், சன்னலோர வெயில் போதாது. திறந்த வெயிலோ தனி விளக்கோ வேண்டும். தோட்டத்தில் விடுவோர் வேலியை மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்க வேண்டும். டிமொத்தியே ஒருமுறை தோட்டத்தைவிட்டு நழுவிச் சென்று சில நாள் காணாமற்போயிற்று!

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். பாலைநிலத்து ஆமைக்கு வறட்சியே நல்லது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஓட்டின் தகடுகள் ஒவ்வொன்றும் கூம்புபோலப் புடைத்து வளரும் குறை கண்டபோது, புரதம் மிகுந்த உணவே காரணம் என்றார்கள். 2003-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வீஸ்னர், ஈபன் என்னும் ஆய்வாளர் இருவர், ஆப்பிரிக்க முள்தொடை ஆமையின் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு அளவு புரதத்திலும் வளர்த்து ஒப்பிட்டனர். புடைப்பைப் பெரிதும் உண்டாக்கியது வறண்ட காற்றே. புரதத்தின் பங்கு சிறிது. பாலையில் வாழ்ந்தாலும் குஞ்சு தன் காலத்தின் பெரும்பகுதியை ஈரமான வளையில் கழிக்கிறது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் உள்ள மண் என்று நான் கூறியதன் காரணம் இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நட்சத்திர ஆமைக்கு எத்தகைய தரை அமைப்பது என்று நீங்கள் என்னைக் கேட்டால், அமைக்கவே கூடாது என்பதே என் விடை. அது காட்டில் இருக்க வேண்டியது. களவாய்ப் பிடித்துப் பெட்டிகளில் அடைத்து வெளிநாடுகளுக்குக் கடத்தப்படும் இனம் அது. 2019 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கை அதன் பன்னாட்டு வணிகத்தை மிகக் கடுமையாகத் தடுத்துள்ளது. வெளிநாட்டு ஆமை இனங்களை வைத்திருப்போரும் உரிய பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நம் சட்டத்தில் 2022-இல் திருத்தம் வந்தது.

வழியில் ஓர் ஆமையைக் காண நேரலாம். தமிழில் கடலில் வாழ்வதும், குளத்தில் வாழ்வதும், காட்டில் வாழ்வதும் எல்லாம் ஆமையே. இந்த ஒரு சொல்லால் விளையும் கேடு சிறிதன்று. இரக்கமுள்ளவர் பலர் காட்டாமையைக் கோயில் குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். நீந்தத் தெரியாத அது மூழ்கி இறக்கிறது. காலைப் பாருங்கள். யானைக்கால்போல் உருண்டு திரண்டிருந்தால் அது நிலத்துக்குரியது, நீரில் விடாதீர்கள். விரலிடையில் சவ்விருந்தால் நீருக்குரியது. எதுவாயினும் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

2012-இல், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாலையில் ஒரு மாணவி சாலையோரத்தில் கண்டெடுத்த நட்சத்திர ஆமையோடு வந்தாள். வனத்துறை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். காலையில் வருவதாகக் கூறினர். அந்த ஓர் இரவுக்காக, அது கிடைத்த இடத்துக்கே அவளையும் அழைத்துச் சென்று, அங்குள்ள மண்ணையும் சருகையும் ஓர் அகன்ற ஓலைக்கூடை நிறைய அள்ளிவந்தோம். காலையில் வனக்காவலர் வந்து கூடையை எட்டிப்பார்த்து, "ஆமை எங்கே சார்?" என்று கேட்டார். கூடையில் சருகு மட்டுமே தெரிந்தது. மாணவி குனிந்து, ஒரு மூலையில் சற்றே உயர்ந்திருந்த சருகை மெல்ல விலக்கிக் காட்டினாள்.