பொலிசுக்கு மேலே யார்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணிப் பொறுப்பாளர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கிற தம்பிமார் உள்ளே வாருங்கள், வாங்கு காலியாகத்தான் இருக்கிறது.

துரை மேல் முறைப்பாடு என்றால் எங்கே போவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டக் காரியாலயம், சங்கக் காரியாலயம், தொழில் திணைக்களம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். பொலிஸ்காரர் மேல் முறைப்பாடு என்றால் எங்கே போவது? வகுப்புக்கு முன்னால் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "அதே பொலிசுக்குத்தானே" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் "முனியாண்டி கோயிலுக்கு" என்றார். நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

இந்த நாட்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865 ஆம் ஆண்டுச் சட்டம். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம் அது. நம்முடைய பாட்டன் பூட்டன் மன்னார் வழியாக நடந்து வந்துகொண்டிருந்த காலம். எத்தனையோ திருத்தம் வந்தாலும் அடிப்படைச் சட்டம் இன்னும் அதுதான். கூலிகளை அடக்கிவைக்க ஒரு வெள்ளைக்கார அரசாங்கம் எழுதிய சட்டத்தில், பொலிஸ்காரர் தவறு செய்தால் கூலிக்காரன் யாரிடம் கேட்பது என்பதற்கு எங்கே இடம் இருக்கும்?

அந்த இடம் 2001 இல்தான் வந்தது. அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உண்டாக்கியது. நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் அமைச்சர் கையில் இருக்காமல், பொலிஸ் உடுப்புப் போடாத ஒரு குழுவின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்று விசாரிப்பதும் அதன் கடமை. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2010 இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015 இல் 19ஆவது திருத்தம் திருப்பிக் கட்டியது. 2020 இல் 20ஆவது திருத்தம் வந்து ஆட்களை நியமிப்பதை ஜனாதிபதியின் கைக்குக் கொண்டுபோனது. 2022 இல் 21ஆவது திருத்தம் மறுபடியும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. லயத்துக் கூரைத் தகரத்தைக்கூட இத்தனை தரம் கழற்றி மாட்டியிருக்க மாட்டார்கள்.

இன்றைக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆணைக்குழு தன் அதிகாரத்தைப் பொலிஸ் மா அதிபருக்கே ஒப்படைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொழும்புக்குக் கடிதம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கடைசியில் அது உங்கள் மாவட்டத்துப் பொலிஸ் மேலதிகாரியின் மேசைக்கே அறிக்கை கேட்டு வரலாம். வட அயர்லாந்தில் 2000 ஆம் ஆண்டு பொலிஸ் குறைகேள் அதிகாரி அலுவலகம் தொடங்கியபோது அதற்கென்று தனி விசாரணையாளர்களைக் கொடுத்தார்கள். பொலிசைப் பற்றிய முறைப்பாட்டைப் பொலிஸ் விசாரிப்பதில்லை. நாம் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கொழுந்து லொறி ஓட்டுகிற தம்பிக்கு லைசன்ஸ் வேண்டும். டொக்டர் மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும், பிழை செய்தால் பெயரை வெட்டலாம். சட்டத்தரணியின் பெயரை உயர் நீதிமன்றம் நீக்கலாம். ஒருவரைப் பிடிக்கவும், கூட்டில் அடைக்கவும், துவக்கு வைத்திருக்கவும் அதிகாரம் உள்ள பொலிஸ்காரருக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை, வெட்டுவதற்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2021 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய தவறு செய்த பொலிஸ்காரரின் தகுதிச் சான்றிதழையே அதன் கீழ் பறிக்கலாம். ஒரு ஊரில் விலக்கப்பட்டவர் பக்கத்து ஊரில் போய்ச் சேராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இங்கே என்ன நடக்கிறது? இடமாற்றம். அங்கே அடித்தவர் இங்கே வருகிறார். இங்கே அடித்தவர் இன்னோர் இடத்துக்குப் போகிறார். அடி வாங்குகிற ஊர்தான் மாறுகிறது.

இது கீழே உள்ளவர்களின் கதை மட்டும் அல்ல. தடுத்து வைக்கப்பட்ட ஒருவரைச் சித்திரவதை செய்தது பற்றி 2011 இல் போட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. பொறுப்பாளிகளில் ஒருவர் தேசபந்து தென்னகோன். தீர்ப்பு வந்தபோது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். 5 இலட்சம் ரூபாய் கட்டச் சொன்ன நீதிமன்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பணித்தது. இரண்டு மாதம் கழித்து, 2024 பெப்ரவரியில், அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள்! ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில், வேறு குற்றச்சாட்டுகள் மீதான விசாரணைக்குப் பிறகு, பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. நீதி கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அடி வாங்கியவர் தீர்ப்புக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். லைசன்ஸ் போன்ற ஒரு முறை இருந்தால், சித்திரவதை என்று உயர் நீதிமன்றம் சொன்ன அன்றைக்கே பதவி உயர்வு நின்றிருக்கும்.

நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். 2023 மே மாதம், கொழும்பில் வீட்டு வேலை செய்த பதுளைத் தாய் ஒருவர், நகை காணாமல்போன முறைப்பாடொன்றில் வெலிக்கடைப் பொலிசாரால் கைது செய்யப்பட்டு, காவலில் இருந்தபோது இறந்தார். மூன்று பிள்ளைகளின் அம்மா. அன்று எத்தனை லயங்களில் அடுப்புப் பற்றவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு லயத்திலும் கொழும்பில் வேலை செய்கிற ஒருத்தி இருக்கிறாள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, காணாமல்போன ஒரு தண்ணி மோட்டருக்காக விசாரணைக்கு அழைக்கப்பட்டார். பின்னேரம் வீங்கிய கன்னத்தோடு வந்தார். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே தமிழில் கையெழுத்து வைத்திருந்தார். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது "வழுக்கி விழுந்தேன்" என்றார். துண்டில் அதைத்தான் எழுதினார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கும் அந்த ரோட்டாலதானே டீச்சர் டவுனுக்குப் போவணும்" என்றார்.

அந்தப் பயம் பொய் இல்லை. 2002 இல் வத்தளைப் பொலிஸ் ஆள் மாறாட்டத்தில் பிடித்து அடித்த ஒரு தொழிலாளிக்கு 2003 இல் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2004 நவம்பரில், மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்குச் சில நாட்களுக்கு முன்னால், பஸ்ஸில் வைத்து அவரைச் சுட்டார்கள். காயத்தால் இறந்துபோனார். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 இல்தான் வந்தது. அதனால், பயப்படாதே என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதே என்றுதான் சொல்வேன்.

தலைவர்மார் இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஒருவரைப் பிடித்தால், என்ன காரணம் என்று கேளுங்கள். சொல்லியே ஆக வேண்டும், அது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யார் வந்தார்கள், தெரிந்தால் சட்டையில் இருந்த இலக்கம் என்ன என்று கமிட்டிக் கொப்பியில் அப்போதே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நேரம் மாறிப்போகும்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா, அம்பகமுவ, பண்டாரவளை, பசறை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகள். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வேண்டாம்.

அடி விழுந்திருந்தால் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சட்ட வைத்திய பரிசோதனை வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். நீதவான் முன்னாலும் சொல்லலாம். சித்திரவதை 1994 ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தண்டனை 7 முதல் 10 வருடம் வரை சிறை.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்து அங்கே விசாரணை நடந்தால், அந்த நாட்கள் கணக்கில் சேராது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கலாம். கண்டியிலும் பதுளையிலும் அந்த ஆணைக்குழுவுக்குக் காரியாலயம் உண்டு. அவசர இலக்கம் 1996. ஆணைக்குழுச் சட்டமும் 1996 ஆம் ஆண்டுதான் வந்தது, அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் தனியாக ஒரு பிரதி அனுப்புங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஒரு அக்கா இடைவேளையில் கேட்டார்: "கசிப்புக் காய்ச்சுகிறவனையும் பெண்சாதியை அடிக்கிறவனையும் பிடிக்க அதே பொலிசைத்தானே கூப்பிடுகிறோம், பகைத்தால் வருவார்களா?" நல்ல கேள்வி. கூப்பிடத்தான் வேண்டும். 119க்கு அடித்தும் வராவிட்டால், அதுவும் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டிய முறைப்பாடுதான். அடிப்பது மட்டும் பிழை இல்லை, வராமல் இருப்பதும் பிழை.

முறைப்பாட்டு மாதிரிக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். கமிட்டிக்கு ஐந்து பிரதி. கையெழுத்து வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை உங்கள் தோட்டத்தில் யார் என்று அந்தப் பெயரையும் இந்தத் தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.